சோலைமுத்து மகனுக்கு வீகந்த் என்று பெயர்

1976-ஆம் வருஷம் முதுகுளத்தூருக்குத் தெற்கே மூன்று கிராமங்களில் வீகந்த் என்ற பெயரில் ஏழு ஆண்பிள்ளைகள் இருந்தார்கள். மூத்தவனுக்கு இரண்டரை வயது. கடைசிக்காரனுக்கு இன்னும் தலை நிற்கவில்லை. வீகந்த் என்பது குலசாமி பெயரில்லை, கட்சிக்காரர் பெயரில்லை, சினிமாக்காரர் பெயரும் இல்லை. ரேஷன் கார்டு எழுத வந்த கிளார்க் இரண்டு தடவை கேட்டுவிட்டு, மூன்றாம் தடவை கேட்க வெட்கப்பட்டு, தன் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டு போனார். அது ஒரு ஜெர்மன்காரரின் பெயர். அதை அந்த வட்டாரத்துக்குள் கொண்டுவந்தவன் சோலைமுத்து.

சோலைமுத்து கிணறு வெட்டும் ஆள். ஒல்லி உடம்பு, ஆனால் கடப்பாரையைப் பிடித்தால் பொழுது சாயும்வரை கீழே வைக்கமாட்டான். காக்கிச் சட்டையைக் கண்டால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். போஸ்ட்மேனிடம்கூட ஓரமாக நின்றுதான் பேசுவான். 1973 ஜூனில் அவன் பம்பாயில் கப்பல் ஏறியபோது மனைவி சரோஜா முழுகாமல் இருந்தாள். கப்பல் துபாயில் இறக்கிவிட்டது. அங்கிருந்து லாரியில் அல் ஐன். தண்ணீர்க் குழாய் பதிக்க மணலில் நீளமாகக் குழி வெட்டும் வேலை. இரண்டு ஆள் ஆழம். கேம்பில் ஒரே ரூமில் ஆறு பேர், ஆறு பேரும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள்.

அந்த செப்டம்பரில் ஒரு காலை, குழியின் ஒரு பக்கம் சரிந்தது. சோலைமுத்து, அவன் சிநேகிதன் அழகுமலை, இன்னும் ஒருவன், மூன்று பேரும் உள்ளே. மற்ற இருவருக்கும் இடுப்பளவு மணல். சோலைமுத்துவுக்குத் தலைக்கு மேலே. மேலே நின்றவர்கள் மண்வெட்டியோடு குதிக்கப் போனார்கள். சைட் என்ஜினீயர் அவர்களைத் தள்ளிவிட்டுத் தானே இறங்கினார். மண்வெட்டி பட்டால் மண்டை பிளந்துவிடும் என்று வெறுங்கையால் தோண்டினார். இரண்டு நகங்கள் பெயர்ந்து ரத்தம் மணலில் சொட்டியது. முகம் தெரிந்ததும் வாய்க்குள் விரலை விட்டு மணலை வழித்துப் போட்டார். சோலைமுத்து மூச்சு விட்டான்.

அந்த என்ஜினீயருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். வெயிலில் முகம் செக்கச்செவேல் என்று வெந்திருக்கும். முன்பு இந்தியாவில் ஓர் இரும்பாலைக் கட்டுமானத்தில் மூன்று வருஷம் இருந்தவர், அதனால் உடைந்த இந்தி பேசுவார். குழிக்கு இரண்டு பக்கமும் பலகை வைத்து முட்டுக் கொடுத்தால்தான் ஆளை இறக்க வேண்டும் என்பது அவர் சட்டம். "பலகை மாஃபி, ஆதமி மாஃபி!" என்று கத்துவார். பலகை இல்லையென்றால் ஆளும் இல்லை. ஆறு பேரும் ரூமில் அவரைப்போலக் கத்திக்காட்டிச் சிரிப்பார்கள். ஆனால் அவர் சைட்டில் இருக்கிற நாளில் நிம்மதியாகக் குழிக்குள் இறங்குவார்கள்.

அவர் ஹெல்மெட்டில் கறுப்புப் பெயின்டில் ஒரு எழுத்து, ஒரு புள்ளி, அப்புறம் ஒரு பெயர். எட்டாவது வரை படித்த அழகுமலை இங்கிலீஷை எழுத்துக் கூட்டினான். முன்னால் 'கே', பின்னால் 'வீகந்த்'. நம் ஊரில் முன்னெழுத்து அப்பனுடையது, பின்னால் வருவதுதான் ஆள். அதை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆக அப்பா பெயர் கே-யில் ஏதோ ஒன்று, இவர் வீகந்த். விஷயம் முடிந்தது. வெள்ளைக்காரனுக்கு வேறு கணக்கு இருக்கும் என்று அந்த ஆறு பேரில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"ஆம்பளப் பிள்ளை பிறந்தால் வீகந்த் என்று வை, மறுபேச்சு வேண்டாம்" என்று சரோஜாவுக்குக் கடிதம் போனது. பிள்ளை பிறந்தது, பெயரும் வைத்தாகிவிட்டது. சரோஜா கூப்பிடும்போது "கந்தா" என்று சுருக்கிக்கொண்டாள். முருகன் பெயர் உள்ளே இருக்கிறதே என்று சொந்தக்காரர்களும் சமாதானமானார்கள். அடுத்த வருஷம் அழகுமலைக்கு ஒரு மகன், அவனும் வீகந்த். குழியில் அகப்பட்ட மூன்றாமவனுக்கு மகன் இல்லை, அண்ணன் மகனுக்கு வைக்கச் சொன்னான். அப்புறம் ரூமில் இருந்த இன்னும் இரண்டு பேர் வீட்டிலும் தொற்றிக்கொண்டது. கடைசி இரண்டு பேர் வைத்த காரணம் வேறு. இந்தப் பெயரை வைத்த வீட்டுக்கு வளைகுடா விசா தானாக வரும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். நன்றிக்கு வைத்த பெயரில் நாலு பேர் நப்பாசையையும் சேர்ப்பது எங்கும் உள்ளதுதான்.

1976 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை என்ஜினீயர் குழாய் சரக்குப் பார்க்க அபுதாபி போயிருந்தார். புதிதாக வெட்டிய குழிக்குப் பலகை வந்து சேரவில்லை. கம்பெனி மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கினார், கடிகாரத்தைப் பார்த்தார், "யல்லா, யல்லா" என்று விரட்டினார். பலகை இல்லையே என்று அழகுமலை கையைக் காட்டினான். "ஜல்தி" என்று பதில் வந்தது. ஆறு பேரும் தயங்கித் தயங்கி இந்தக் கோடியில் இறங்கினார்கள். அந்தக் கோடியில் குல் ஜமான் என்ற பட்டாணிக்காரன் இறங்கினான். பத்து மணிக்கு அந்தக் கோடி சரிந்தது. இவர்கள் ஓடிப்போய்க் கையால் தோண்டினார்கள், மூன்று வருஷம் முன்னால் பார்த்த மாதிரியே தோண்டினார்கள். முகம் தெரிந்தபோது மூச்சு இல்லை.

மதியம் போலீஸ் வந்தது. அபுதாபியிலிருந்து திரும்பிய என்ஜினீயரின் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, விசாரணை முடியும்வரை சைட் ஓரத்தில் இருந்த அவருடைய கேபினை விட்டு வெளியே வரக்கூடாது என்று சொல்லி, வாசலில் ஒரு போலீஸ்காரரை நிறுத்தினார்கள். அன்று கேம்பில் ஆறு பேரும் சாப்பிடவில்லை. ஒரு பக்கம் செத்துப்போன குல் ஜமான், இன்னொரு பக்கம் கேபினுக்குள் வீகந்த் சார்.

மறுநாள் ஆபீஸ் டைப்பிஸ்ட் பாஸ்கர் ஒரு காகிதத்தோடு கேம்புக்கு வந்தார். பாஸ்கர் திருச்சிக்காரர், பி.காம். படித்தவர். வழக்கமாக முகம் பார்த்துப் பேசுகிறவர், அன்று காகிதத்தை மட்டுமே பார்த்தார். பின்னால் மேனேஜர் சிகரெட்டோடு நின்றார். பாஸ்கர் காகிதத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னார்: பலகை இல்லாத குழியில் இறங்கும்படி மிஸ்டர் கார்ல் என்ற என்ஜினீயர் முந்தின நாளே உத்தரவு போட்டிருந்தார், அதனால்தான் நாங்கள் இறங்கினோம்.

"கார்லுன்னா யாரு சார்?" என்று சோலைமுத்து கேட்டான்.

"ஆபீஸ் சம்பந்தப்பட்ட ஆள்தான். உனக்கு எதுக்கு அதெல்லாம்? கையை வை."

"இதுல கை வச்சா எங்க சார வெளிய விட்டுருவாகளா?"

பாஸ்கர் ஒரு விநாடி திரும்பி மேனேஜரைப் பார்த்தார். "எல்லாம் சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றார்.

அபுதாபியில் ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிற யாரோ ஒரு கார்ல். அவன் தலையில் பழி விழுந்தால் வீகந்த் சார் தப்பித்துவிடுவார். ஆறு பேரும் அப்படித்தான் நினைத்தார்கள். இறங்கச் சொன்னது மேனேஜர் என்பது ஆறு பேருக்கும் தெரியும். காகிதத்தில் இருப்பது பொய் என்பதும் தெரியும். இருந்தும் வரிசையாகப் போய்ப் பெருவிரலை மையில் அழுத்தினார்கள். முகம் தெரியாதவன் என்றால் எவ்வளவு லேசாகக் கை நீள்கிறது! சோலைமுத்து நல்லவன்தான், ஆனால் அன்றைக்கு அவன் செய்தது அயோக்கியத்தனம், அதில் சந்தேகமே இல்லை.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் சோலைமுத்து கேபினுக்குப் போனான். வாசலில் நின்றவர் ஒரு பலூச்சிப் போலீஸ்காரர், உருது பேசுகிறவர். காக்கியைப் பார்த்ததும் வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கொண்டது. கையில் இருந்த டீ பிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டினான். "பாஞ்ச் மினிட்" என்று அவர் விலகி நின்றார்.

என்ஜினீயர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் தாடி. சோலைமுத்து டீயை ஊற்றிக் கொடுத்தான். அவரைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தான். போன வருஷம் லீவில் போனபோது கமுதி ஸ்டூடியோவில் எடுத்தது. பொம்மைக் குதிரை மேல் உட்கார்ந்து, மை பூசிய முகத்தோடு, அழுவதற்குத் தயாராக ஒரு பிள்ளை.

"மேரா லட்கா" என்றான். "பேரு, வீகந்த்."

அவருக்கு முதலில் புரியவில்லை. போட்டோவைப் பின்புறம் திருப்பி அங்கே இங்கிலீஷில் எழுதியிருந்ததைப் படித்தார். திரும்ப முன்புறம் பார்த்தார். கண் சிவந்தது. "ஏன்?" என்று கேட்டார்.

சோலைமுத்து தன் வாய்க்குள் விரலை விட்டு மணலை வழித்துப் போடுவதுபோலச் செய்து காட்டினான். அப்புறம் ஊரில் ஒன்றல்ல, ஏழு வீகந்த் இருக்கிறது என்று விரல்களை விரித்துக் காட்டினான். அந்த மனிதர் மூன்று நாளில் முதன்முறையாகச் சிரித்தார். உடைந்த இந்தியில், நிறுத்தி நிறுத்தி, ஒரு கதை சொன்னார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அவர் நாட்டில் ஆண்பிள்ளைகளுக்கு வீகந்த் என்று பெயர் வைத்தார்களாம். போர் செய்கிறவன், வீரன் என்று அர்த்தமாம். அப்புறம் அந்தப் பெயர் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டு வீட்டுப் பெயராகிவிட்டதாம். அந்த வீட்டுப் பெயர்க்காரர்கள் ஊருக்கு நாலு பேர் கிடைப்பார்கள். ஆனால் பிறந்த பிள்ளையை மடியில் வைத்து வீகந்த் என்று கூப்பிடுகிற வழக்கம் போய் நெடுங்காலமாயிற்று. அப்படிப் பெயர் உள்ள ஒருவனை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"எங்க ஊர்ல ஒண்ணுகூட இல்ல. உங்க ஊர்ல ஏழு!" என்று தொடையில் தட்டிக்கொண்டார்.

சோலைமுத்துவுக்குக் கதை பாதி புரிந்தது. "வீட்டுப் பெயர்னா, உங்க பேரு?" என்று கேட்டான்.

"வீகந்த் என் குடும்பம். என் பேர் கார்ல்."

சோலைமுத்து பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். திருகு பிசகிக் கீழே விழுந்தது. "அந்த கே... உங்க அப்பா இல்லையா?"

"அப்பா ஹைன்ரிஹ். கே நான்தான். கார்ல்."

வெளியே போலீஸ்காரர் கதவைத் தட்டினார். சோலைமுத்து எழுந்தான். வலது கைப் பெருவிரலில் மை இன்னும் முழுசாகப் போகவில்லை, அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டே படி இறங்கினான். மணலில் இருபது அடி நடந்து, டாங்கர் லாரிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, விடுமுறை. அல் ஐன் கடைவீதியில் ஒரு துணிக்கடைக்கு மேலே பாஸ்கரின் வீடு. பாஸ்கரின் மனைவி ஜெயபாரதி கைக்குழந்தையோடு வந்து கதவைத் திறந்தாள். ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. "உள்ள வாங்க, காபி சாப்பிடுங்க" என்றாள். சோலைமுத்து உட்காரவில்லை.

"சார், கார்லுங்கறது எங்க சார்தானா?" என்று நேரடியாகக் கேட்டான்.

பாஸ்கர் மனைவியை உள்ளே போகச் சொன்னார். அவள் போகவில்லை, கதவோரமாக நின்றாள்.

"இங்க எல்லாரையும் முதல் பேர் சொல்லித்தான் மிஸ்டர் போடுவாங்க. மேனேஜர் அப்படித்தான் எழுதச் சொன்னார். நான் டைப் அடிச்சேன், அவ்வளவுதான்."

"எங்களுக்குத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

பாஸ்கர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

"எங்கள வச்சே அவுகள ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தீகளே சார். நல்லாருக்கா இது?"

"மெதுவாப் பேசு. என் பாஸ்போர்ட்டும் மேனேஜர் பெட்டியிலதான் கிடக்கு" என்றார் பாஸ்கர். "இவங்க இப்பதான் வந்திருக்காங்க. நாளைக்கு ஸ்டேஷன்ல கூப்பிட்டு, இது உன் கைநாட்டானு கேப்பாங்க. ஆமான்னு சொல்லிட்டு வந்திரு. கேம்ப்ல யார்கிட்டயும் மூச்சு விடாதே. மேனேஜர் காதுக்குப் போச்சு, விடியறதுக்குள்ள ஆறு பேரையும் பிளேன்ல ஏத்திருவான். அப்புறம் காகிதம் மட்டும்தான் பேசும்."

கடைசியில் சொன்னது நிஜம் என்று சோலைமுத்துவுக்குப் பட்டது. ஆறு பேரும் போய்விட்டால் அந்த ஆறு கைரேகைகளுக்கு எதிராகப் பேச ஆள் கிடையாது. அதனால் அவன் ரூமுக்குத் திரும்பி யாரிடமும் வாய் திறக்கவில்லை. அழகுமலை "என்ன மாப்ள, மூஞ்சி செத்துக் கெடக்கு?" என்று இரண்டு தடவை கேட்டான். வயிறு சரியில்லை என்றான். உண்மையைச் சொன்னால் விசா போகும். சொல்லாவிட்டால் அவர் ஜெயிலுக்குப் போவார். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். விசா போனால் சரோஜா என்ன சொல்வாள், கட்டி முடிக்காத வீடு என்ன ஆகும், எல்லாம் வரிசையாக வந்து நின்றது. சொல்லிவிட வேண்டும் என்று ஒரு மணி நேரம் நினைப்பான், வேண்டாம் என்று அடுத்த ஒரு மணி நேரம் நினைப்பான். எந்த நினைப்பிலும் அந்த மனிதரின் பெயர்ந்த நகங்கள் மட்டும் மாறாமல் நின்றன.

சனிக்கிழமை காலை கம்பெனி வேனில் ஆறு பேரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். மேனேஜர் தன் காரில் முன்னால் போனார். அதிகாரி இளவயது அரபி, மெதுவாகப் பேசுகிறவர். பக்கத்தில் அந்த பலூச்சிப் போலீஸ்காரர், உருதுவுக்காக. பாஸ்கர் தமிழுக்காக. ஓரத்து நாற்காலியில் என்ஜினீயர். மேனேஜரை அதிகாரி வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். அது ஒன்றுதான் அன்றைக்கு நடந்த அதிர்ஷ்டம்.

முதலில் சோலைமுத்துவைக் கூப்பிட்டார்கள். மேஜை மேல் அந்தக் காகிதம். ஆறு ரேகைகள்.

"இது உன் கைநாட்டா?" பாஸ்கர் தமிழில் சொன்னார். சொல்லும்போது கண்ணாலேயே கெஞ்சினார்.

சோலைமுத்துவுக்கு நாக்கு அசையவில்லை. எதிரே முழுக்கக் காக்கி. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

சோலைமுத்து பாஸ்கரை விட்டுவிட்டு பலூச்சிப் போலீஸ்காரரைப் பார்த்தான். உடைந்த இந்தியில் ஆரம்பித்தான். "கை என்னுது. பேச்சு என்னுது இல்ல. அன்னிக்கி இவர் சைட்ல இல்ல. பலகை மாஃபி. மேனேஜர் வந்தார், யல்லான்னார், ஜல்தின்னார். நாங்க இறங்கினோம். குல் ஜமான் செத்தான்."

பாஸ்கர் கண்ணை மூடிக்கொண்டார். பலூச்சி அரபியில் சொன்னார். அதிகாரியின் புருவம் ஏறியது.

"அப்படியானால் இந்த மிஸ்டர் கார்ல் மேல் ஏன் எழுதிக் கொடுத்தாய்?"

"கார்ல் யாருன்னு எனக்குத் தெரியாது. வேற யாரோன்னு நினைச்சேன். பொய்யுன்னு தெரிஞ்சே வச்சேன், அது என் தப்பு. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. ஆனா இவர்னு தெரியாது."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். கோபம் வந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. "மூன்று வருஷத்துக்கு மேல் இவருக்குக் கீழே வேலை பார்த்திருக்கிறாய். இவர் பெயர் உனக்குத் தெரியாதா? யாரிடம் விளையாடுகிறாய்?"

"தெரியும்" என்றான் சோலைமுத்து. "வீகந்த். எம் மகனுக்கே அந்தப் பேருதான் வச்சிருக்கேன்."

அதிகாரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவனைச் சுவரோரம் நிற்கச் சொன்னார். பேசினால் உள்ளே போட்டுவிடுவேன் என்று விரலால் காட்டினார். மற்றவர்களை ஒவ்வொருவராக வரச் சொன்னார். காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாற்காலியில் இருந்தவரைக் காட்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: இவர் பெயர் என்ன?

முதலில் வந்தவன், "வீகந்த் சார்" என்றான். கார்ல் யார் என்று கேட்டதற்கு, "மாலும் நஹி" என்றான். அடுத்தவனும் அதே. மூன்றாவது வந்தவன், குழியில் அகப்பட்டவன், "வீகந்த். எங்க அண்ணன் மகனுக்கும் இவர் பேருதான்" என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னான். நாலாவது ஆள் பயத்தில் பெயரை மூன்று தடவை சொன்னான். கடைசியாக அழகுமலை. "வீகந்த். கே. வீகந்த். கே அவுக அப்பா" என்று படித்தவன் என்ற பெருமையோடு சொன்னான். கார்ல்? "அவன் அபுதாபி ஆபீஸ் ஆளு. அவனப் பிடிச்சுப் போடுங்க, இவுகள விட்டுருங்க."

பலூச்சிப் போலீஸ்காரர் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார். என்ஜினீயர் இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. சோலைமுத்து சுவரோரம் நின்று அழுதான், அது எல்லோருக்கும் தெரிந்தது.

அதிகாரி காகிதத்தை நிமிர்த்தி பாஸ்கர் பக்கம் தள்ளினார். இங்கிலீஷில் கேட்டார். "இதை இவர்களுக்குப் படித்துச் சொன்னது நீ. கார்ல் யார் என்று உனக்குத் தெரியும். இவர்களுக்குச் சொன்னாயா?"

கதவுக்கு அந்தப் பக்கம் மேனேஜர் இருமுவது கேட்டது. சொன்னேன் என்று ஒரு வார்த்தை போதும், படித்தவன் பேச்சா, கைநாட்டுக்காரர்கள் பேச்சா என்று ஆகிவிடும். பாஸ்கர் சுவரோரம் பார்த்தார்.

"சொல்லவில்லை" என்றார். "அவர்கள் கேட்டார்கள். நான் மறைத்தேன். மேனேஜர் எழுதச் சொன்னார்."

அன்று மாலையே என்ஜினீயரின் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது. மேனேஜரை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். வராந்தாவில் அந்த ஜெர்மன்காரர் ஆறு பேருக்கும் கை கொடுத்தார். சோலைமுத்து கையை விடவில்லை. மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டான்.

"சார், தப்பாப் பேர் வச்சிட்டேன். ஊருக்குப் போய் கார்லுன்னு மாத்தவா?"

"வேண்டாம்! கார்ல் எங்க நாட்ல தெருவுக்குத் தெரு இருக்கான்" என்றார் அவர். "வீகந்த் உன் வீட்லதான் இருக்கான். விட்டுடு."

அடுத்த வாரம் கம்பெனி நோட்டீஸ் பலகையில் ஏழு பெயர்கள் ஒட்டியிருந்தன. ஆறு பேரும் பாஸ்கரும். விசா கலாஸ், முடிந்துவிட்டது. என்ஜினீயர் யார் யாரிடமோ போய்ப் பேசிப் பார்த்தார், விசா கொடுத்த அரபி முதலாளி, கஃபீல், கையெழுத்துப் போட்டாயிற்று என்று கையை விரித்துவிட்டார்கள். பம்பாய் விமானத்தில் அழகுமலை வேறு வரிசையில் போய் உட்கார்ந்தான். இறங்கும்போதுதான் வாயைத் திறந்தான்.

"ரெண்டு நாளா தெரிஞ்சு வச்சிக்கிட்டு ஒரு வார்த்தை சொன்னியாடா? நான் என்ன அவர விட்டுக் குடுத்திருப்பேன்னு நெனச்சியா?"

சோலைமுத்து பையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். அப்படி நினைத்தது உண்மைதான்.

வீடு வந்து சேர்ந்தபோது சரோஜா வாசலில் நின்றாள். சேதி அவனுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அவன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னான். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவுக வெளிய வந்துட்டாகளா?"

"வந்துட்டாக."

"அப்ப கை கால் கழுவிட்டு வாங்க, சாப்பிட."

பெயருக்குத்தான் கெட்ட காலம் வந்தது. ஆறு பேர் ஒரே நாளில் வேலை இழந்து வந்ததும், அந்த மூன்று கிராமங்களிலும் அது விளங்காத பெயர் என்று ஆகிவிட்டது. விசா வரும் என்று வைத்த இரண்டு வீட்டிலும் முதலில் மாற்றினார்கள். ஒருவன் முனியசாமி ஆனான், ஒருவன் செல்வராஜ். மாசம் ஒன்றாக மற்றவர்களும் மாற்றினார்கள். அழகுமலை கடைசிவரை இழுத்துப் பார்த்துவிட்டு, மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் மகனைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டு வேறு பெயர் வைத்துக்கொண்டு வந்தான். இரண்டு வருஷத்தில் ஏழில் ஒன்றுதான் மிச்சம்.

1979 ஜூனில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற சமயம், அழகுமலையின் மனைவி சரோஜாவிடம் வந்து நல்லதனமாகத்தான் சொன்னாள். ரிஜிஸ்தரில் ஏறிவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது, எல்லாரும் மாற்றிவிட்டார்களே, நீ மட்டும் ஏன் இதைப் பிடித்துத் தொங்குகிறாய் என்று கேட்டாள். சரோஜா மகனுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பை நிறுத்தவில்லை.

"எம் புருசன மண்ணுக்குள்ளருந்து கையால தோண்டி எடுத்துக் குடுத்தவுக பேரு இது, அக்கா. இத மாத்தச் சொன்னா, கழுத்துல கெடக்குற தாலிய நான் என்ன செய்ய?"

உள்ளே கயிற்றுக்கட்டிலில் கிடந்த சோலைமுத்துவுக்கு அது கேட்டது. அவன் எழுந்து வந்து பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினான்.